ஏகாம்பரத்தின் மூன்று மாத்திரைகள்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியின் மருத்துவ அறையில் இப்போது ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். ஆள் போய் உட்கார்ந்து கையை உள்ளே விட்டால் போதும், பிரஷர், நாடி, எடை எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் வந்து விழுமாம். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ் போனில் சொன்னாள். "ஒரே நாள்ல முன்னூறு பேர முடிச்சிட்டோம் மேடம். நீங்கல்லாம் எப்படித்தான் கையால பாத்தீங்களோ!" என்றாள். பாவம், என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. எப்படிப் பார்த்தோம் என்று கேட்டாள் அல்லவா, அதை எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் சகுந்தலா. கம்பெனியில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் சிஸ்டர். பிறந்தது வாலாஜாபாத் பக்கம், நர்ஸிங் படித்தது காஞ்சிபுரத்தில், பிறகு சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினாறு வருடம். அந்தப் பதினாறு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினேன், நின்றேன், கால் வீங்கியது. ஒரகடத்தில் வரிசையாகக் கம்பெனிகள் வந்தபோது, பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நர்ஸ் வேண்டும் என்றார்கள், வந்து சேர்ந்தேன்.

இன்டர்வியூவில் ஒருவர், "பெருசா வேலை இருக்காதும்மா, கையில அடிபட்டா கட்டு போடணும், தலைவலின்னா மாத்திரை குடுக்கணும், அவ்ளோதான்" என்றார். தொழிலாளர்கள் அந்த அறைக்கு 'பிளாஸ்டர் ரூம்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். நான் அங்கிருந்து ரிட்டையர் ஆகும்போது அதற்கு 'பிரஷர் ரூம்' என்று பெயர் மாறியிருந்தது. பெயரை மாற்றியது நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

நான் மட்டும் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். டாக்டர் சம்பத்தும்தான். அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்று, வாரத்தில் மூன்று நாள் எங்கள் கம்பெனிக்கு வருவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. லைனில் வேலை பார்க்கும் இருபது வயதுப் பையனுக்கும் "வாங்க, உக்காருங்க"தான். "பயப்படாதீங்க" என்று மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார். "பயப்படணுமா வேணாமான்னு ரெண்டாவது தடவ பாத்துட்டு சொல்றேன்" என்பார்.

நான் சேர்ந்த முதல் வாரம். ஒரு வெல்டருக்குச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து நூற்று ஐம்பத்தெட்டு என்று சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து பட்டையைக் கழற்றினார். அந்த ஆளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகை நாற்காலியில் சாயவைத்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றச் சொல்லி, கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைத்தார். ஐந்து நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பார்த்தால் நூற்று நாற்பத்தாறு.

"சிஸ்டர், மிச்சம் பன்னெண்டு அவர் சட்டையோட பிரஷர். அதுக்கு நான் மாத்திரை எழுதினா சட்டைக்கு வைத்தியம் பாத்தவன் ஆயிடுவேன்" என்றார். வெல்டர் சிரித்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. அன்றோடு சரி, அதற்குப் பிறகு என் கையால் பார்த்த ஒரு ரீடிங்கைக்கூட யாரும் திருத்தியதில்லை.

எங்கள் முறை இதுதான். உள்ளே வந்ததும் போனைத் தட்டில் போடவேண்டும். அரை மணிக்குள் டீ, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. பாத்ரூம் போய்விட்டு வந்திருக்க வேண்டும். கால்மேல் கால் போடக்கூடாது. பட்டை கையில் இருக்கும்போது வாயைத் திறக்கக்கூடாது, நானும் திறக்கமாட்டேன். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவேண்டும். ஒருமுறை பார்த்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்க்கவேண்டும். தடித்த கைக்குப் பெரிய பட்டை. இந்த ஐந்து நிமிடத்துக்காக நான் சண்டை போடாத சூப்பர்வைசர் கிடையாது. "லைன் நிக்குது சிஸ்டர், சீக்கிரம் அனுப்புங்க" என்பார்கள். "நின்னா நிக்கட்டும், இவரு விழாம இருந்தா போதும்" என்பேன்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மெடிக்கல் நடக்கும். ஃபோர்க்லிஃப்ட், கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு அதில் ஃபிட் என்று கையெழுத்தானால்தான் வண்டிச் சாவி. அதனால் மெடிக்கல் வாரம் வந்துவிட்டால் கேன்டீனே வேறு மாதிரி ஆகிவிடும். ஊறுகாய் வாளி தொடாமல் கிடக்கும். அப்பளம் மிஞ்சும். ஒருத்தன் மூன்று நாளாகப் பச்சைப் பூண்டு தின்றுவிட்டு வந்து என் மூஞ்சிக்கு நேரே மூச்சு விடுவான். இன்னொருத்தன் மாமனார் மாத்திரையை ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வருவான். "இன்னா சிஸ்டர், எவ்ளோ கீது? நூத்திருவதா? பாத்தியா, நாந்தான் சொன்னேன்ல!" என்று குதிப்பான். மெடிக்கல் முடிந்த மறுநாளே மாத்திரை மாமனாருக்குத் திரும்பிப் போய்விடும். இந்தக் கூத்தை எல்லாம் கண்டுபிடித்து ஒவ்வொருத்தனாகப் பிடித்து உட்காரவைக்க எனக்கு நாலைந்து வருடம் ஆயிற்று.

பிடித்து உட்காரவைத்தாலும் அடுத்த தொல்லை காத்திருந்தது. பாதிப் பேருக்கு ஒரு மருந்து போதாது. டாக்டர் இரண்டு எழுதுவார். ஒன்று ரத்தக் குழாயைத் தளர்த்துகிற மருந்து. இன்னொன்று குழாயை இறுக்கச் சொல்லி உடம்புக்குள் போகிற உத்தரவைத் தடுக்கிற மருந்து. ஒரே மருந்தை இரண்டு மடங்கு ஆக்குவதைவிட, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பிரஷர் நன்றாக இறங்கும், கால் வீக்கம் போன்ற தொல்லையும் குறையும் என்பார். சரிதான். ஆனால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? "ரெண்டும் பிரஷருக்குத்தானே சிஸ்டர், இன்னிக்கு இது, நாளைக்கு அது" என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒருத்தர், கால் வீங்குகிறது என்று ஒன்றைத் தானாகவே நிறுத்திவிட்டு மற்றதை இரண்டாகப் போட்டார்.

அதனால்தான் டாக்டர் மேனேஜ்மென்ட்டோடு பேசி, இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையை வாங்கி வைத்தார். நான் அதற்கு ஒரு சட்டம் போட்டேன். ஷிஃப்ட் தொடங்கும்போது என் அறைக்கு வரவேண்டும், என் முன்னால் போடவேண்டும், டம்ளரைக் காலி செய்துவிட்டுப் போகவேண்டும். மேனேஜர் ஒருவர், "இது என்ன பாலர் பள்ளியா?" என்று கேட்டார். "ஆமா சார். நீங்களும் வாங்க, உங்களுக்கும் நூத்தி ஐம்பது இருக்கு" என்றேன். அடுத்த வாரம் அவரும் வரிசையில் நின்றார்.

இப்போது ஏகாம்பரத்துக்கு வருகிறேன்.

ஏகாம்பரத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மண்ணூர் பக்கம், விவசாயக் குடும்பம். ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். அந்த வண்டியை அவர் திருப்புவதை நின்று பார்க்கலாம். இரண்டு ரேக்குக்கு நடுவே ஒரு சாண் இடம் இருந்தால் போதும், பெட்டியைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவார். அவர் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். "இது மட்டும் இல்லன்னா நான் ஒன்னும் இல்ல சிஸ்டர்" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். குடி கிடையாது, பீடி கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் நடந்த மெடிக்கலில் அவருக்கு நூற்று எழுபதுக்கு நூற்று நான்கு. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதே. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "இதுக்கு முன்னாடி பிரஷருக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள், அவர் கையெழுத்துப் போட்ட மெடிக்கல் பாரத்தை நான் பார்த்து, "ஒண்ணும் இல்ல டாக்டர், இல்லன்னுதான் இருக்கு" என்றேன். வெளியே அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள், எனக்கு அவசரம். ஏகாம்பரம் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் இரண்டும் சேர்ந்த மாத்திரையை எழுதி, "இரண்டு வாரம் வண்டி வேணாம், இறங்கட்டும், அப்புறம் சாவி" என்றார்.

அந்த மாத்திரைக்கு அவர் உடம்பு கேட்டது போல யாருக்கும் கேட்கவில்லை. முதல் வாரம் நூற்று நாற்பது. இரண்டாம் வாரம் நூற்று இருபத்தாறு. சாவி கைக்கு வந்தது. மூன்றாம் வாரம் நூற்றுப் பதினாறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையில் நிற்கிற எல்லோரிடமும், "ஏகாம்பரத்தப் பாத்து கத்துக்குங்கய்யா. ஒரு நாள் தவறாம வந்து போடறாரு பாருங்க, எப்படி இறங்கியிருக்கு!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அடக்கம் என்று நினைத்தேன்.

டாக்டர் மட்டும் நோட்டைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். "கொஞ்சம் வேகமா இறங்குது சிஸ்டர். வேற ஏதாவது சாப்பிடறாரான்னு கேளுங்க."

கேட்டேன். எங்கே கேட்டேன் என்பதைச் சொல்லவேண்டும். வரிசையில் இருபது பேர் நிற்க, அவருக்குப் பின்னால் அவருடைய சூப்பர்வைசரே நிற்க, "ஏகாம்பரம், வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். "சோறுதான் சிஸ்டர் சாப்பிடறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன். புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. ஸ்டோர் தகரக் கூரை, உள்ளே அனல். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஸ்டோர் சூப்பர்வைசர் முத்துராஜ் ஏகாம்பரத்தைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முத்துராஜ் திருநெல்வேலிப் பக்கம், சின்ன வயது, நல்ல பையன், ஆனால் அன்றைக்கு முகம் சிவந்திருந்தது.

"வண்டிய ரேக்குல விட்டுட்டாவ சிஸ்டர். நான் கூப்பிடுதேன், கூப்பிடுதேன், திரும்பவே மாட்டேங்காவ. தல தொங்கிப் போச்சு. மேல இருந்து ரெண்டு பெட்டி விழுந்துச்சு. கீழ ஆளு இல்ல, சாமி காப்பாத்துச்சு. இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

பின்னாலேயே எச்.ஆர். மேனேஜர் வந்துவிட்டார். குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொன்னார்கள். ஊதினார். பூஜ்யம். அப்போதுதான் முத்துராஜ் தயங்கித் தயங்கி ஒரு காகித மடிப்பை மேஜைமேல் வைத்தார். ஏகாம்பரத்தின் சட்டைப் பையில் இருந்து விழுந்ததாம். பிரித்தால் அட்டை இல்லாத ஒற்றை வெள்ளை மாத்திரை.

மேனேஜர் அதைக் கையால் தொடவே இல்லை. "போதை மாத்திரையா? போட்டுட்டு வண்டி ஓட்டறியா? உன்ன வேலைய விட்டு மட்டும் இல்ல, போலீஸ்லயும் குடுக்கணும்" என்றார். நாற்பத்தாறு வயது மனிதர், கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அவர் ஒரு சொல் சொல்லாவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் கேட்டுக்கு வெளியே நிற்பார், போதைக்காரன் என்ற பெயரோடு. மண்ணூரில் அந்தப் பெயரோடு அவர் எப்படி நடமாடுவார்?

"எல்லாரும் வெளிய போங்க. இப்ப இவரு என் பேஷன்ட்" என்றேன். மேனேஜர் முறைத்தார். நான் திரையை இழுத்துவிட்டேன்.

படுக்கவைத்துக் காலைத் தூக்கிவைத்துப் பார்த்தேன். நூற்று நான்கு. பத்து நிமிடம் கழித்து மெல்ல எழுப்பி நிற்கவைத்துப் பார்த்தேன். எண்பத்திரண்டு. மனிதர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆடினார். இது போதை இல்லை, தூக்கம் இல்லை. இது மருந்து. என் கையால் கொடுத்த மருந்துக்கு மேலே வேறு ஏதோ மருந்து.

மறுபடி படுக்கவைத்து உப்புக் கரைசல் கொடுத்தேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டேன். "ஏகாம்பரம், இங்க யாரும் இல்ல. அந்த வெள்ள மாத்திரை என்ன?"

கூரையைப் பார்த்தபடி சொன்னார். "வூட்டு மாத்திரை சிஸ்டர்."

"வூட்டு மாத்திரைன்னா?"

"மாசத்துக்கு ஒருவாட்டி வூட்டுக்கு ஒரு அம்மா வரும் சிஸ்டர், பிரஷர் பாத்து மாத்திரை குடுத்துட்டு போவும். கவர்மென்ட் மாத்திரை. ரெண்டு வருஷமா கீது. நடுவுல ஓ.டி., ஓ.டி.ன்னு ஓடிகினு சரியா போடாம வுட்டுட்டேன். மெடிக்கல்ல நூத்தி எழுவதுன்னு சொன்னதும் எங்க வூட்ல பயந்துட்டாங்க. அன்னிலேர்ந்து காலைல ஒன்னு வாயில போட்டுதான் அனுப்பும். மத்தியானத்துக்கு ஒன்னு பேப்பர்ல மடிச்சு குடுக்கும்."

"இங்கயும் நான் குடுக்கறேனே!"

"இது கம்பெனி மாத்திரை சிஸ்டர். அது வூட்டு மாத்திரை. அது வேற, இது வேற இல்லியா? அது ரெண்டு, இது ஒன்னு. கலரும் வேற."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அங்கே அரசு மருந்து, இங்கே கம்பெனி மருந்து. ஈ.எஸ்.ஐ.யில் ஒரு சீட்டு, ஊரில் ஒரு சீட்டு என்று இரண்டு பக்கமும் வைத்தியம் பார்க்கிற பழக்கம் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் உண்டு. ஒரு இடத்துச் சீட்டை இன்னொரு இடத்தில் காட்டவே மாட்டார்கள்.

அவர் மனைவி கன்னியம்மாவுக்குப் போன் போட்டேன். வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளோடு உடனே வரச் சொன்னேன். ஷேர் ஆட்டோ பிடித்து ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது அந்த அம்மா. மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னா ஆச்சும்மா எங்க வூட்டுக்காரருக்கு? நான் நேரம் தவறாம குடுக்கறேனேம்மா!" என்று கேட்டைத் தாண்டும்போதே அழுகை. நேரம் தவறாமல் கொடுத்ததுதான் வினை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட. நாங்கதான் கேக்கல" என்று உட்காரவைத்தேன்.

அன்றைக்கு டாக்டர் வருகிற நாள் இல்லை. போன் செய்ததும் அரை மணியில் வந்து நின்றார். ஏகாம்பரத்தைப் பார்த்துவிட்டு, கன்னியம்மா கொண்டுவந்த இரண்டு அட்டைகளையும் எங்கள் அட்டையையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பையில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். மேனேஜரையும் ஏகாம்பரத்தையும் கன்னியம்மாவையும் கிட்டே கூப்பிட்டு, ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் இருந்த பொடி எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"இது வூட்டு மாத்திரை. அம்லோடிபின், அஞ்சு. இது இன்னொரு வூட்டு மாத்திரை. டெல்மிசார்டான், நாப்பது. இது கம்பெனி மாத்திரை. இப்ப நீங்களே பாருங்க, ரெண்டு பேர் போட்டிருக்கு. டெல்மிசார்டான் நாப்பது, அம்லோடிபின் அஞ்சு." கண்ணாடியைக் கீழே வைத்தார். "அதே ரெண்டு பேரு ஒரே வூட்ல குடியிருக்காங்க. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ரெண்டு மடங்கு போயிருக்கு. மேல இந்த வெயில்."

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டது. டாக்டர் ஒரு தாளில் மூன்று வரி எழுதினார். மது இல்லை. போதைப் பொருள் இல்லை. இரட்டிப்பு மருந்தினால் ரத்த அழுத்தம் இறங்கியது. கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் நீட்டினார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மேனேஜர் தாளைப் படித்தார், பிறகு ஒரு ஃபைலைத் திறந்தார். "சரி டாக்டர், போதை இல்ல. ஒத்துக்கறேன். ஆனா இத பாருங்க. மெடிக்கல் பாரம். 'ரத்த அழுத்தம் இருக்கிறதா? இல்லை. மருந்து சாப்பிடுகிறீர்களா? இல்லை.' கீழ இவன் கையெழுத்து. ரெண்டு வருஷமா வீட்ல மாத்திரை வாங்கறவன் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன் வியாதிய மறைச்சா வேலைய விட்டு எடுக்கணும்னு ரூல்ல இருக்கு. இதுக்கு வேற வழியே இல்ல."

ஏகாம்பரம் சுவரோடு சாய்ந்து நின்றார். நான் அந்தப் பாரத்தைப் பார்த்தேன்.

கேள்விகள் பதினான்கு. 'இல்லை' என்ற கட்டத்தில் பதினான்கு டிக். நீல மசி. முதல் டிக்கில் தொடங்கி கடைசி டிக் வரை பேனா தாளை விட்டு எழும்பவே இல்லை, ஒரே இழுப்பு. அது என் கை. எங்கள் வழக்கம் அப்படி. மெடிக்கலுக்கு முதல் நாள் முன்னூறு பாரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் 'இல்லை' என்று டிக் போட்டு வைத்துவிடுவேன். யாராவது இருக்கிறது என்று சொன்னால் அதை மட்டும் திருத்துவது. மறுநாள் வரிசையில் பாரத்தை நீட்டுவேன், கையெழுத்தைப் போட்டுவிட்டு நகர்வார்கள். வேலை வேகமாக முடியும். அந்த வேகத்துக்காக நான் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

இது அந்த அறையில் எனக்கும் ஏகாம்பரத்துக்கும் மட்டும்தான் தெரியும். நான் அவரைப் பார்த்தேன். அவர் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது, காலையில் இருந்து இந்த மனிதர் மேனேஜர் முன்னால் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று.

"ஏகாம்பரம், அன்னிக்கே ஏன்யா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க டிக்கு போட்டு வச்சிருந்தீங்க சிஸ்டர். டாக்டர் கேக்கறப்பவும் நீங்களே இல்லன்னு சொல்லிட்டீங்க. நான் இருக்குன்னு சொன்னா உங்களுக்குத்தானே கெட்ட பேரு?" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "அப்புறம் சொல்லலாம்னு பாத்தா, கையெழுத்து போட்டாச்சு. பயமா பூடுச்சு."

எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று இரண்டு பேர் மருந்தை ஒரே ஆளாகத் தின்றிருக்கிறார். அவர் பேசியது மேனேஜர் காதில் விழவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். பொய் சொல்கிறேன் என்று யாரும் என்னைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இரண்டு நொடி சும்மாவும் இருந்தேன். அதை மறைக்கமாட்டேன்.

பிறகு பாரத்தை எடுத்து மேனேஜர் முன்னால் வைத்து, "சார், இந்த டிக்கெல்லாம் யார் போட்டதுன்னு பாருங்க" என்றேன். "இவரு போடல. நான் போட்டது. கேக்காமலே போட்டது. இவருக்கு மட்டும் இல்ல, முன்னூறு பேருக்கும். ஃபைல எடுங்க, ஒரே மசி, ஒரே கோடு. டாக்டர் கேட்டப்பவும் இவரு பதில் சொல்றதுக்குள்ள நான்தான் இல்லன்னு சொன்னேன். மறைச்சது இவரு இல்ல."

மேனேஜர் நம்பாமல் ஃபைலைப் புரட்டினார். பத்துப் பாரம் புரட்டியதும் நிறுத்தினார். "என்ன சிஸ்டர் இது? நீங்களா?" என்றார். அந்த 'நீங்களா' என் காதில் இன்னும் இருக்கிறது.

டாக்டர் சம்பத் மேனேஜரிடம் இருந்து தன் தாளைத் திரும்ப வாங்கி, பேனாவைத் திறந்து நாலாவது வரியாக ஒன்றை எழுதினார். நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்வியை மருத்துவ அறை கேட்கவில்லை. "சிஸ்டர் மட்டும் இல்ல. பாரத்த நம்பி மாத்திரை எழுதினது நான். அந்த ஆள் முகத்த நான் பாத்திருக்கணும்" என்றார். அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஏகாம்பரத்தின் வேலை தப்பியது. வீட்டு மாத்திரையை வைத்துக்கொள்வதா, கம்பெனி மாத்திரையை வைத்துக்கொள்வதா என்று கன்னியம்மாவிடமே கேட்டார் டாக்டர். "ஒன்னா இருந்தா எனக்கு கணக்கு வைக்க சுளுவா இருக்கும்" என்றது அந்த அம்மா. ஊரில் மாத்திரை கொடுக்கிற பெண்ணுக்கும் ஒரு சீட்டு எழுதி அனுப்பினோம், இவருக்கு இனி இங்கே ஒரே மாத்திரை, அங்கே அந்த இரண்டும் கொடுக்கவேண்டாம் என்று. மூன்று வாரம் பேக்கிங்கில் உட்கார்ந்திருந்தார். நூற்று முப்பதுக்கும் கீழே நின்று, எழுந்து நின்றாலும் இறங்காமல் இருந்ததும் டாக்டர் ஃபிட் என்று கையெழுத்துப் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டு போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி அதே ரேக்குக்கு நடுவே விட்டு எடுத்தார். நான் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுப் போய் நின்று பார்த்தேன்.

எனக்கு மெமோ வந்தது. மருத்துவப் படிவங்களை ஊழியரிடம் கேட்காமல் முன்கூட்டியே நிரப்பியமை, வகையறா, வகையறா. என் வாழ்க்கையில் வாங்கிய ஒரே மெமோ. வாங்கிய அன்று வீட்டுக்குப் போய் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் போய் அறையின் மூலையில் இன்னொரு திரை கட்டினேன். அடுத்த மெடிக்கலுக்கு வெற்றுப் பாரத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளாகத் திரைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "வீட்ல, ஈ.எஸ்.ஐ.ல, ஊர்ல, மாமனார்கிட்ட, எங்க வாங்கின மாத்திரையா இருந்தாலும் அட்டையோட எடுத்துட்டு வாங்க. யாருக்கும் வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு" என்று முதல் வாரமே நோட்டீஸ் ஒட்டினேன். மூன்று நாளில் முடிகிற மெடிக்கல் ஒன்பது நாள் ஆயிற்று. மேஜைமேல் அட்டை குவிந்தது பாருங்கள், எனக்கே மூச்சு நின்றது. ஒரே மருந்தை மூன்று பெயரில் போட்டுக்கொண்டிருந்தவர் இருந்தார். பிரஷருக்கு இரண்டு இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர் இருந்தார்கள். கிரேன் ஓட்டுகிற ஒருவர், "ஏகாம்பரத்துக்கு ஒன்னும் ஆவலல்ல சிஸ்டர், அதான் நானும் எடுத்துகினு வந்தேன்" என்று அட்டையை நீட்டினார். என் சர்வீஸில் நான் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால் அந்த ஒன்பது நாளைத்தான் சொல்வேன்.

போன வருடம் ரிட்டையர் ஆனேன். கடைசி நாள், சால்வை, கேக் எல்லாம் முடிந்து, புதிதாக வந்திருந்த எச்.ஆர். மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். என் ஃபைலைத் திறந்து வைத்திருந்தார்.

"சிஸ்டர், இவ்ளோ வருஷத்துல ஒரே ஒரு கறை இந்த மெமோ. போறப்ப சுத்தமா போங்க. டைரக்டர்கிட்ட பேசிட்டேன், இத எடுத்து கிழிச்சிடலாம்னு சொல்லிட்டாரு" என்றார். தாளைப் பாதி உருவியும் விட்டார்.

நான் அவர் கையைப் பிடிக்காத குறை.

"வேணாம் சார், அங்கேயே இருக்கட்டும். ஏகாம்பரம் ஃபைல்ல அவரு கையெழுத்துப் போட்ட பாரம் இன்னும் இருக்கு. அந்த டிக்கு அவரு போட்டது இல்லன்னு சொல்ற காகிதம் இந்த ஆபீஸ்ல இது ஒண்ணுதான். நாளைக்கு உங்களுக்கு அப்புறம் வர்றவரு ரெண்டு ஃபைலையும் எடுத்துப் பார்த்தா, பொய் சொன்னது அவருன்னு நினைச்சிடக் கூடாது."

மேனேஜர் அந்தத் தாளை ஃபைலுக்குள் திரும்ப வைத்து, நாடாவை இறுக்கிக் கட்டினார்.